யூஎம்எல் பாடத்தைத் தூக்க வேண்டாம், லேபை மாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி அறிவியல் பாடத்திட்டத்திலிருந்து எதையெல்லாம் தூக்கலாம் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மென்பொருள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதைப் படமாக வரையும் முறையான யூஎம்எல்லும் (Unified Modeling Language) அந்தப் பட்டியலில் இருந்தது. ஏஐ கேட்ட மாத்திரத்தில் புரோகிராம் எழுதித் தரும் காலத்தில் இனி யார் கட்டமும் அம்புக்குறியும் வரைந்துகொண்டிருக்கப் போகிறார்கள் என்பது கட்டுரையாளரின் வாதம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு இஆர்பி மென்பொருள் (ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனிப்பது) செய்து கொடுத்துப் பிழைப்பவள். என் சோற்றில் பாதி அந்தக் கட்டத்திலும் அம்பிலும்தான் வருகிறது. அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், டையிங் (துணிக்குச் சாயம் போடுவது) பற்றி வருகிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கட்டுரையாளர் சொன்னதில் பாதி சரி. யூஎம்எல் என்ற பெயரில் நம் கல்லூரிகளில் நடப்பதை ஒழிக்க வேண்டும் என்றால் நானும் கை தூக்குவேன். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் கணினி படித்த யாரிடமாவது 'பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் ஒரு மாதிரி ஆகும். பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், எக்ஸாம் ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்டாக் மெயின்டெனன்ஸ், இ-டிக்கெட்டிங் என்று லேபுக்கு ஒரு பட்டியல். சீனியரிடம் ரெக்கார்டு நோட்டை வாங்கி, பென்சிலும் ஸ்கேலுமாக உட்கார்ந்து அப்படியே இறக்குவார்கள். விண்ணப்பிப்பவருக்கு ஒரு குச்சி மனிதன், அதிகாரிக்கு ஒரு குச்சி மனிதன், நடுவில் முட்டை முட்டையாக 'லாகின்', 'வெரிஃபை', 'லாகவுட்'. போலீஸ் விசாரணையில் முகவரி பொருந்தாமல் போனால் அந்த விண்ணப்பம் எங்கே போய் நிற்கும், யார் அதை மறுபடி கையில் எடுப்பார்கள் என்பது எந்த நோட்டிலும் இருக்காது. வெளியிலிருந்து தேர்வு நடத்த வருகிற எக்ஸ்டர்னலும் அதைக் கேட்க மாட்டார். அவர் கேட்பது, ஒன்று இன்னொன்றின் பாகம் என்று காட்டுகிற இரண்டு உறவுகளான அக்ரிகேஷனுக்கும் காம்போசிஷனுக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான். அதற்கு வெள்ளை டைமண்டு, இதற்குக் கறுப்பு டைமண்டு என்று சொன்னால் போதும், வைவா முடிந்தது.

அந்த வெள்ளை டைமண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யூஎம்எல்லை உருவாக்கிய மூவரில் ஒருவர் ஜேம்ஸ் ரம்பா. என் எம்சிஏ வகுப்பில் இந்தப் பெயர் வந்தாலே கடைசி பெஞ்சில் விசில் பறக்கும். அந்த ரம்பாவே அக்ரிகேஷனை 'பிளாசிபோ' என்று சொல்லிவிட்டார், அதாவது மருந்து இல்லாத மாத்திரை. நாம் அதைப் பரீட்சையில் பெரிய கேள்வியாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மூவரும் சேர்ந்த காரணத்தையும் யாரும் வகுப்பில் சொல்வதில்லை. 1990களின் தொடக்கத்தில் மென்பொருள் வடிவமைப்பைப் படமாகப் போட ஆளுக்கொரு பாணி இருந்தது. கிரேடி பூச் ஒவ்வொரு கிளாஸையும் (மென்பொருளில் ஒரு வகைப் பொருளுக்கான வரையறை) விட்டுவிட்டுப் போகும் கோட்டில் மேகம் போல வரைந்தார். ரம்பா போட்டது செவ்வகக் கட்டம். ஸ்வீடனில் எரிக்சனின் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் வேலையில் பழுத்த இவார் ஜேக்கப்சன், பயன்படுத்துபவர் என்னென்ன செய்வார் என்பதிலிருந்து தொடங்கும் யூஸ் கேஸ் என்ற முறையோடு வந்தார். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறினால் படத்தைப் படிக்கவே புதிதாகப் பழக வேண்டிய நிலை. 1994ல் ரம்பா ஜெனரல் எலெக்ட்ரிக்கை விட்டு, பூச் இருந்த ரேஷனல் நிறுவனத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஜேக்கப்சனும் வந்து சேர்ந்தார். 1997 நவம்பரில், மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு யூஎம்எல் 1.1 பதிப்பைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. மேகம் போய் கட்டம் நின்றது. போர்டில் கையால் மேகம் வரைந்து பார்த்தவர்கள் யாரும் அதற்காக வருத்தப்பட மாட்டார்கள்.

கெட்டது அப்புறம்தான். பொதுத் தரம் என்றால் கமிட்டி, கமிட்டி என்றால் ஆளுக்கொரு ஆசை. இப்போது யூஎம்எல்லில் 14 வகைப் படங்கள், அதன் விவரண ஆவணம் கிட்டத்தட்ட 800 பக்கம். பிரிட்டனில் பணிபுரியும் ஆய்வாளர் மரியன் பெட்ரே 50 கம்பெனிகளில் 50 மென்பொருள் வல்லுநர்களைச் சந்தித்துப் பேசி, 2013ல் வெளியிட்ட ஆய்வில் 35 பேர் யூஎம்எல்லைத் தொடுவதே இல்லை. முழுமனதோடு எல்லாவற்றையும் பயன்படுத்துகிறேன் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. மைக்ரோசாஃப்ட் 2016ல் அறிவித்துவிட்டு, புரோகிராம் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோவின் 2017 பதிப்பில் யூஎம்எல் வரையும் வசதியையே எடுத்துவிட்டது. பயன்படுத்துபவர்கள் குறைவு என்றது. கட்டுரையாளர் இவற்றையும் சேர்த்திருந்தால் அவருடைய வாதம் இன்னும் பலமாக இருந்திருக்கும், நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 11 பேர் தங்களுக்குத் தேவையான ஓரிரு படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, யோசிக்கவும் பேசவும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நான் அந்த 11 பேர் கட்சி.

திருப்பூரில் ஓர் ஆர்டருக்கான வேலை முழுவதும் ஒரே கூரைக்குள் நடப்பது அபூர்வம். நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்பார்கள். துணி டையிங்குக்குப் போகும், காம்பாக்டிங் போகும், திரும்பி வந்து கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயனிங், பேக்கிங். வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போகும்போதெல்லாம் ஒரு டெலிவரி சலான், எல்லோர் வாயிலும் டிசி. 'டிசி போட்டாச்சா', 'அந்த டிசி குளோஸ் ஆச்சா' என்பதுதான் ஸ்டோரில் நாள் முழுக்கக் கேட்கிற பேச்சு.

ஒரு கம்பெனியில் முதலாளி என்னிடம் சொன்ன தேவை ரொம்பச் சுருக்கம். "துணி போகுது, கலராகி வருது, டிசி குளோஸ். அவ்வளவுதானுங்க." அதை ஸ்டேட் டயகிராமாக, அதாவது ஒன்று எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறும் என்று காட்டும் படமாக, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தேன். டிசி போட்டது, பாதி வந்தது, முழுதும் வந்தது, குளோஸ் என்று நான்கு கட்டங்கள், நடுவே அம்புகள். தாளை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய், அங்கே துணி வரவு பார்க்கிற பெரியவர் முன்னால் விரித்தேன். கம்ப்யூட்டர் என்றாலே "அதெல்லாம் நமக்கு ஆவாது அம்மணி" என்று ஒதுங்குகிறவர். முதலில் தாளைத் திருப்பி, எந்த வருஷத்துக் காலண்டர் என்று பார்த்தார். அப்புறம் 'முழுதும் வந்தது' என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஷேடு மாறிப் போச்சுன்னா இது எங்க போகும்?"

கலர் சரியில்லை என்றால் துணி மறுபடியும் டையிங்குக்கே போகும். அதே டிசியிலா, புது டிசியிலா? அதே டிசி என்றால் பின்னோக்கி ஓர் அம்பு வேண்டும். புது டிசி என்றால் பழையதையும் புதியதையும் ஒன்றோடொன்று கோக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே துணிக்கு இரண்டு டையிங் பில் வரும், அக்கவுண்ட்ஸில் இரண்டும் பாஸாகும். "ரீ-டையிங்குக்கு அவன் கூலி கேக்கப்படாது, அவன் தப்பு. நம்ம நூல்ல கோளாறுன்னா கேப்பான்" என்றார். ஓர் அம்பு இரண்டானது. எந்த நிபந்தனைக்கு எந்த அம்பு என்று ஒவ்வொன்றின் மேலும் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும், அதைத்தான் பாடத்தில் கார்டு (guard) என்பார்கள். பரீட்சைக்குப் படித்தபோது அது வெறும் குறி. இங்கே அதற்குள் கூலித் தகராறு இருக்கிறது.

விரல் நகர்ந்தது. "முழுசா வந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க? 500 கிலோ போட்டா 500 கிலோவா வரும்?" டையிங்கில் எடை குறையும். எவ்வளவு குறைந்தால் ஒப்புக்கொள்வது, எவ்வளவுக்கு மேல் போனால் டையிங்காரர் பில்லில் பிடிப்பது? முதலாளி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சதவீதம் சொல்லியிருந்தார். பெரியவர் சிரித்தார். துணிக்குத் துணி, கலருக்குக் கலர் அது மாறும் என்று அவர் சொல்லச் சொல்ல, தாளின் ஓரத்தில் ஒரு தனி அட்டவணையே வந்துவிட்டது.

ஆடிட்டர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், அனுப்பிய தேதியிலேயே அதை விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். யாரும் எதையும் தொடாமல் நாள் மட்டும் ஓடியதால் நடக்கிற மாற்றத்துக்கு ஸ்டேட் டயகிராமில் இடம் உண்டு. அம்பின் மேல் 'ஒரு வருடம் கழித்து' என்று எழுதினால் போதும். எந்தக் கட்டத்திலிருந்தெல்லாம் அந்த அம்பு கிளம்ப வேண்டும் என்று பார்த்தபோதுதான், 'பாதி வந்தது' நிலையிலேயே கிடக்கும் டிசிகள்தான் ஆபத்தானவை என்று தெரிந்தது. ஒன்றுமே வராததை எல்லோரும் தேடுவார்கள், பாதி வந்ததை மறந்துவிடுவார்கள்.

எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்று காட்டும் கிளாஸ் டயகிராமில் மாறியது ஒரே ஓர் எழுத்து. டிசிக்கும் டையிங் லாட்டுக்கும் (ஒரே தடவையில் சாயம் போடுகிற துணி) நடுவே ஒரு கோடு, அதன் இரு முனையிலும் 1 என்று இருந்தது. முதலாளி சொன்ன கணக்கு, ஒரு டிசிக்கு ஒரு லாட். ஆனால் டையிங்காரர் தன் மெஷினுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்து, அந்த 500 கிலோவை இரண்டு மூன்று லாட்டாகப் பிரித்துப் போடுவார். ஒரே கலர், ஒரே ஆள், இருந்தாலும் லாட்டுக்கு லாட் ஒரு பொடி வித்தியாசம் வரும். இரண்டு லாட் துணியைக் கலந்து கட்டிங் போட்டால் சட்டையின் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு. பையர் ஏற்றுக்கொள்ள மாட்டார். லாட் பக்கம் இருந்த 1ஐ அழித்து, 'எத்தனை வேண்டுமானாலும்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறியைப் போட ஒரு நொடிதான் ஆனது. மென்பொருள் ஓடத் தொடங்கி ஆறு மாதம் கழித்து இதே மாற்றம் வந்திருந்தால் டேட்டாபேஸில் ஒரு காலமாக (column) இருந்ததைத் தனி டேபிளாகப் பிரிக்க வேண்டும், அதைத் தொடுகிற ஸ்கிரீன், ரிப்போர்ட் அத்தனையையும் திருத்த வேண்டும். அதைக்கூடச் செய்துவிடலாம். பழைய டிசிகளில் எந்தத் துணி எந்த லாட் என்பதை எங்கே போய்க் கேட்பது?

யூஎம்எல்லின் ஸ்டேட் டயகிராம் பிறந்த இடத்திலும் இப்படி ஒரு விரல் இருந்திருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஹரேல், 1980களின் தொடக்கத்தில் லவி என்ற போர் விமானத்தின் மின்னணு அமைப்புகளை வடிவமைத்த குழுவுக்கு ஆலோசகராகப் போனார். இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பது போலச் சின்னச் சின்னக் கேள்விகள்தான் கேட்டார். அவர்கள் தடித்தடியான ஆவணத் தொகுதிகளைப் புரட்டினார்கள். ஒரு பக்கத்தில் ஒரு பதில், எங்கோ தள்ளி இன்னொரு பக்கத்தில் வேறொரு பதில். அங்கேதான் அவர் நிலைகளைக் கட்டமாகவும் மாற்றங்களை அம்பாகவும், கட்டத்துக்குள் கட்டமாகவும் வரையத் தொடங்கினார். ஒரு நாள் அந்தப் பக்கம் வந்த விமானப்படை விமானி ஒருவர், இந்தப் படமுறையை முன்பின் பார்த்திராதவர், போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்த அம்பு இங்கே போகக் கூடாது, அங்கே போக வேண்டும் என்றாராம். அவர் சொன்னது சரியாக இருந்தது என்று ஹரேலே எழுதியிருக்கிறார். லவி விமானத் திட்டத்தை 1987ல் கைவிட்டுவிட்டார்கள். ஹரேலின் ஸ்டேட்சார்ட் கட்டுரை அதே ஆண்டில்தான் அச்சில் வந்தது, பிற்பாடு யூஎம்எல்லும் அதை எடுத்துக்கொண்டது.

சரி, ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். நானும் அதைப் பயன்படுத்துகிறேன், தினமும். ஜாப் ஒர்க் டிசிக்கு ஒரு ஸ்டேட் டயகிராம் கொடு என்று கேட்டால் படத்தை எழுத்தாக எழுதும் மெர்மெய்டு வடிவில் கண் இமைக்கும் நேரத்தில் தருகிறது. அழகான நான்கு கட்டம், முதலாளி சொன்னதே! பெரியவரின் விரல் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. அவர் சொன்னது இணையத்தில் எங்கும் இல்லையே. ஆனால் திருத்திய படத்தை அதேபோன்ற பிளான்ட்யூஎம்எல்லில் வரிகளாக எழுதி, அதைக் கொடுத்து புரோகிராம் கேட்டபோது வந்தது வேறு தரம். ரீ-டையிங்கின் இரண்டு அம்புகளையும் விடவில்லை, டெஸ்ட் கேஸ்களைக்கூட நிபந்தனை வாரியாகப் பிரித்துக் கொடுத்தது. ஏஐ வந்ததால் படம் வேண்டாம் என்கிறார் கட்டுரையாளர். என் மேஜையில் ஏஐ வந்த பிறகுதான் படத்துக்கு மவுசு கூடியிருக்கிறது.

யூஎம்எல்தான் வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் ஒன்றும் கிடையாது. ஒரு வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதைக் காட்ட 2011ல் வந்த பிபிஎம்என் 2.0 என்ற படமுறை நன்றாக இருக்கிறது, அந்தப் படத்தை அப்படியே எடுத்து ஓட்டுகிற இன்ஜின்களும் இருக்கின்றன. முழு அமைப்பையும் மேலிருந்து காட்ட சைமன் பிரவுனின் சி4 படமுறை போதும். எதையாவது வைத்துக்கொள்ளட்டும்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. ஒரு ரயில் டிக்கெட்டின் வாழ்க்கையைப் படமாகப் போடுங்கள் என்பேன். வெயிட்டிங் லிஸ்ட் ஆர்ஏசி ஆகும், ஆர்ஏசி உறுதியாகும் அல்லது ஆர்ஏசியாகவே ஏறி ஒரே பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போவார்கள். சார்ட் தயாரான பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் ஆன்லைனில் எடுத்தது தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். கவுண்டரில் எடுத்தது அப்படித் தானாக ரத்தாகாது. தீபாவளிக்கு ஊருக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் இது அத்துபடி. ஆனால் பேப்பரைக் கொடுத்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் வரைவது ஒரு குச்சி மனிதன், பக்கத்தில் ஒரு முட்டை, அதற்குள் 'லாகின்'. நோட்டில் இறக்கிய பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் கையை விட்டுப் போகவில்லை. அதையே வாயால் சொல்லச் சொன்னால் பட்டென்று எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார்கள். தெரிந்ததைப் படத்தில் போடலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

என் யோசனை இதுதான். 14ல் கிளாஸ், சீக்வென்ஸ், ஸ்டேட் என்ற மூன்று போதும். யார் யாருக்கு எந்த வரிசையில் தகவல் அனுப்புகிறார்கள் என்று காட்டும் சீக்வென்ஸை ஏன் விடக் கூடாது என்றால், நம் பில்லிங் மென்பொருள் ஜிஎஸ்டியின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலுக்கு விவரத்தை அனுப்பி, பதிலாக ஐஆர்என் என்ற பில் பதிவு எண்ணை வாங்குகிறது. அந்தப் பதில் அம்பு வராமல் நெட் அறுந்தால் மறுபடி அனுப்புவதா, ஏற்கெனவே எண் கொடுத்துவிட்டார்களா என்று முதலில் விசாரிப்பதா என்பதை அந்தப் படம்தான் கேட்க வைக்கும். லேப் பட்டியலைக் கிழித்துவிட்டு, இரண்டிரண்டு பேராகப் பக்கத்தில் இருக்கும் அரிசி ஆலைக்கோ, பால் சொசைட்டிக்கோ, மெடிக்கல் ஷாப்புக்கோ, லாரி புக்கிங் ஆபீசுக்கோ அனுப்புங்கள். முதலாளி சொன்னபடி ஒரு படம். அதை அங்கே வேலை செய்கிறவரிடம் காட்டித் திருத்திய இன்னொரு படம். ரெக்கார்டில் இரண்டையும் ஒட்ட வேண்டும், மார்க் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்துக்கு. காப்பி அடிக்க முடியாதா என்றால், நம் பிள்ளைகள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். ஆனால் எக்ஸ்டர்னல் ஏதாவது ஓர் அம்பைத் தொட்டு, இது யார் சொல்லி வந்தது, அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

ஆசிரியர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஒரு வகுப்பில் 60 பேர், அட்டெண்டன்ஸ், வெளியே அனுப்ப அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்து. வாரக்கணக்கில் போக வேண்டியதில்லை. ஒரு மதியம் படம் போட, இன்னொரு மதியம் திருத்த, அவ்வளவுதான்.

எங்கள் வாடிக்கையாளர்கள் சிலரிடம் பேசிப் பார்த்தேன். மாணவர்கள் வந்து ஸ்டோரில் உட்கார்ந்து பார்ப்பதில் ஆட்சேபம் இல்லை என்றார்கள். பையர் பெயரும் விலையும் நோட்டில் ஏறக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. மாதக் கடைசியில் மட்டும் வேண்டாம், ஷிப்மெண்ட் நெருக்கடியில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கல்லூரிகள் விரும்பினால் உங்கள் அலுவலகம் வழியாக எனக்கு எழுதலாம்.

இப்படிக்கு,
திருப்பூர் வாசகி
(வாடிக்கையாளர்களின் விஷயம் கலந்திருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்)